ஏழு மணி நாடகம் நின்ற வாரம்

கடந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு, வில்லாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மாள் அழைக்காமலே வந்து எங்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எந்தப் பதிலையும் நம்புவதற்கு முன் சொன்னவரின் கண்களை உற்றுப் பார்க்கும் வழக்கம். எதையோ வேவு பார்க்க வந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

“ஏழு மணி நாடகத்தப் போடு பாப்பா.”

“அதத் திங்கக்கிழமையே நிறுத்திட்டாங்கம்மா. பார்க்க ஆளில்லையாம்.”

என் கண்களைப் பார்த்தார். “எம் மருமகளும் இதத்தான் சொன்னா. அவதான் ரிமோட்ட அமுக்கி வேற நாடகம் வர வச்சுட்டான்னு, அவ சமைச்சதத் தொடாம கடையில வாங்கித் திங்கிறேன். ஒனக்கும் சொல்லிக் குடுத்துட்டாளாக்கும்?”

ஏழு மணிக்கு எங்கள் வீட்டிலும் வேறொரு தொடரே வந்தது. அவர் முகம் மாறியது.

“நெசமாவே நிறுத்திட்டானுகளா! நாடகத்துல அந்தப் புள்ள புருசன் ஜெயில்ல கெடக்கானே, இனி யாரு வெளிய எடுக்குறது?” என்றவர், “வாரேன்” என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்புகையில் மருமகள் வழிமறித்தார்.

“எங்க அத்தைகிட்ட என்ன சொன்னீங்க? இட்லியக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, சட்னி நல்லாருக்குங்கிறாக. எனக்குப் பயமா இருக்கு.”

அது அவர் மன்னிப்புக் கேட்கும் விதமாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சட்னி நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.