அக்காவின் புது முகவரி

என் அக்கா முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, யாருக்கென்று கேட்டு, வார்டுக்கோ டாக்டருக்கோ இணைத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் வேலை. இருநூற்றுச் சொச்சம் உள் எண்களும் அவளுக்கு மனப்பாடம். காதில் விழுந்த எந்த ரகசியத்தையும் அவள் வெளியே விட்டதில்லை. நான் அதற்கு நேர் எதிர். எதிர் வீட்டிலிருக்கும் ஒரே தங்கை. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

ஓய்வு பெற்றபோது அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, பாதிச் செவிடு. வலது காதருகே கத்தினால்தான் கேட்கும். இன்னொன்று, ஆஸ்பத்திரி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். போனில் பேச முடியாதவளுக்கு மின்னஞ்சல்தான் எல்லாம். பழைய சிநேகிதிகள், பென்ஷன் ஆபீஸ், காது டாக்டர் என்று எல்லோருக்கும் அதில்தான் எழுதுவாள்.

ஆனால் அவள் காத்திருந்தது ஒரே ஒரு கடிதத்துக்கு. அவளுடைய மகள் ஆறு வருடமாக அவளோடு பேசவில்லை.

அவள் ஓய்வு பெறுவதற்கு முன்பு, அத்தான் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தேறிவிடுவார் என்று டாக்டர் சொன்ன நம்பிக்கையில் அக்கா டூட்டிக்குப் போனாள். காலை பத்து மணிக்கு வார்டிலிருந்து அவளுக்கே செய்தி வந்தது. நாற்காலியை விட்டு அவள் எழுந்திருப்பதற்குள் அடுத்த மணி அடித்தது. வெளியூரிலிருந்து மகள். "அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அக்கா, "லைன்ல இருங்க" என்று சொல்லி வார்டுக்கு இணைத்துவிட்டாள். பெற்ற மகளிடம் "இருங்க" என்று! அப்பா செத்ததை ஒரு நர்ஸ்தான் அவளுக்குச் சொன்னாள். காரியம் முடிந்து திரும்பிப் போன மகள் மெயிலில் இரண்டே வரி எழுதினாள். "அப்பா போனதை யாரோ சொல்லித் தெரிஞ்சுகிட்டேன். நீ இருந்தும்." போன் எண்ணையும் மாற்றிவிட்டாள்.

அக்கா அதற்குப் பதிலே எழுதவில்லை. "நீயே எழுதேன்க்கா" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அவ கூப்பிடட்டும், நான் எடுக்கறேன்" என்பாள். அத்தான் இறந்த பன்னிரண்டாம் தேதி மட்டும், ஒவ்வொரு வருடமும், காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். அன்றைக்காவது மகள் எழுதுவாள் என்ற நப்பாசை.

இந்த வருடம் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, அவளுடைய மெயில் கம்பெனிக்காரர்கள் பக்கத்தைப் புதுசாக்கினார்கள். அவள் கம்ப்யூட்டருக்கு அந்தப் புதுசு செரிக்கவில்லை. பாதிப் பக்கம் வரும், மீதி வெள்ளையாகவே நிற்கும். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். "இத எடைக்குப் போட்டுடுங்கம்மா" என்றார். "உங்க வாயையும் சேர்த்துப் போடவா?" என்று அனுப்பிவைத்தேன். நானும் அதையேதான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் அடுத்தவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"என் போன்லயே பாரேன்க்கா."

"அதுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. எனக்கு இதுலதான் தெரியுது."

சரி, வேறு இலவச மெயில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அக்கா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டாள். எது எத்தனை நொடியில் திறக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். முதலாவது மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டர் பழசு என்றது. இரண்டாவதில் விளம்பரங்கள் ஆடிய ஆட்டத்தில் உள்ளிருந்த மின்விசிறி முனக ஆரம்பித்தது. மூன்றாவது நன்றாகத் திறந்தது, கடிதம் அனுப்பும்போது உறைந்துபோனது. நான்காவதில் படமில்லை, வண்ணமில்லை, வெறும் எழுத்து. பதினொரு நொடி.

"இதான்" என்றாள்.

"என்னக்கா இது, மொட்டையா இருக்கு?"

"மொட்டைத் தலைதான் சீக்கிரம் காயும்."

பழைய முகவரிக்கு வருவதெல்லாம் தானாகப் புது முகவரிக்கு வந்து சேரும்படி செய்ய வழி இருந்தது. வெள்ளைப் பக்கத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி அதையும் செய்தாள். என் போனிலிருந்து மூன்று முறை எழுதச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் வந்தன. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பன்னிரண்டாம் தேதி விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மாலைவரை ஒன்றும் வரவில்லை. அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா என்று பழைய முகவரிக்கு நானே ஒரு வரி அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று உடனே திரும்பி வந்தது.

"பழைய கணக்கை என்னக்கா பண்ணே?"

"மூடிட்டேன். ஒன்பது நாள் ஆச்சு."

"எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் சேர்த்தாச்சுல்ல? சேர்த்ததும் நாம விலகிடணும். இல்லைன்னா லைன் வீணா மாட்டிக்கிட்டு நிக்கும்."

ஆஸ்பத்திரியில் அதுதான் முறை. இணைத்துவிட்டு அவள் விலகினாலும் அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். மெயிலில் அப்படியில்லை, பழைய கணக்கு போனால் அது அனுப்பிவைப்பதும் போய்விடும். மூடிய கணக்கைத் திரும்பத் தர முடியாது என்று கம்பெனியும் எழுதி வைத்திருந்தது. "அவ எழுதினா இனிமே உனக்கு வராதுக்கா! அவகிட்ட இருக்கறது அந்த ஒரு முகவரிதானே!" என்று கத்தினேன். காது கேட்பதற்காகக் கத்தவில்லை, கோபத்தில்தான் கத்தினேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

பிறகு விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். பழைய கடிதங்களெல்லாம் கணக்கோடு போய்விட்டன, ஆனால் மகளின் முகவரி அவளுக்கு மனப்பாடம். படிக்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். அப்புறம் படித்தேன்.

"இது என் புது முகவரி. அன்னைக்கு நீ கூப்பிட்டப்போ அப்பா போன சேதி எனக்கு வந்து ஒரு நிமிஷம்கூட ஆகலை. உன் குரலைக் கேட்டதும் சொல்ல வாய் வரலை. உனக்குத் தெரியக்கூடாதுன்னு இல்லை. நான் சொன்னா அது நெஜமாயிடும்னு பயந்துட்டேன். தப்பு என்னோடதுதான். அம்மா."

அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் காலை அவள்தான் என் கதவைத் தட்டினாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் மகளின் கடிதம் இருந்தது. கண்ணில் நீர் கோத்து அவளால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. "நீ படி" என்றாள். வலது காதருகே குனிந்து உரக்கப் படித்தேன்.

"அம்மா, நேத்து காலைலதான் உனக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. நீயும் போயிட்டே, இந்தத் தடவை எனக்குச் சொல்லக்கூட யாரும் இல்லைன்னு நெனச்சுட்டேன்."