செலினாவின் கட்டில்

கட்டிலின் நாலு பித்தளைக் குமிழ்களையும் திருகிக் கழற்றி, மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, வினிகரும் உப்பும் தொட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டி வைப்பது லெட்டியின் வேலை. வெள்ளிக்கிழமை தவறாது. எஸ்ராவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக. கட்டிலில் படுப்பது மட்டும் அவள் நாத்தனார் செலினா.

அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். குறை இருந்திருந்தால் என் காதில் விழுந்திருக்கும். மாடியில் இரண்டே அறை. முன்னறையில் எஸ்ராவும் லெட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும். பின்னறையில் செலினா, நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள். மாமியார் கிழவி அந்தக் கட்டிலில்தான் மூன்று வருஷம் கிடந்து செத்தாள். பகலில் லெட்டி பார்த்துக்கொண்டாள், ஆலை விட்டு வந்ததும் செலினா. முன்னறைப் புகைபோக்கி புகை கக்கியதால் லெட்டியின் மூத்தவள் ஐவி பிறந்ததும் அதே கட்டிலில்தான்.

"அம்மா எனக்குன்னு சொல்லிட்டுப் போனது" என்பாள் செலினா. "நீதான் இதைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கே, உனக்குத்தான்னு மாமியார் என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க" என்பாள் லெட்டி. இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். சாகக் கிடப்பவர்களிடம் நல்ல பொருள் ஒன்றே ஒன்று இருந்தால், எதிரில் வந்து நிற்கிற எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிடுவார்கள்.

நெசவாலையில் செலினா எனக்குப் பக்கத்துத் தறி. ஆளுக்கு நாலு தறி ஓட்டினோம். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அதனால் எங்கள் ஊர் நெசவுக்காரிகளிடம் ரகசியம் பேச முடியாது. தெருவின் அந்தக் கோடியில் நின்று முணுமுணுத்தாலும் இந்தக் கோடியில் படித்துவிடுவோம். பேச விருப்பமில்லை என்றால் முதுகைக் காட்ட வேண்டியதுதான்.

பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று செலினா பதினேழு வருஷம் ஆலை ஆலையாகக் கையெழுத்து வாங்கினாள். மழை, பனி, நாய்க்கடி எல்லாம் பட்டாள். ஒருமுறை ஒருவன் அவள் மேல் மீன்தலையை வீசினான். அதைக் குனிந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, "ராத்திரிக் குழம்புக்கு வச்சுக்கோ தம்பி, நாளைக்கு உன் பொண்டாட்டியைக் கையெழுத்துப் போட அனுப்பு" என்றாள். மறுநாள் அவன் மனைவி வந்து கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாத தங்கை ஒருத்தி. அவளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றதற்கு மட்டும் செலினா தாளை இழுத்துக்கொண்டாள். "அவ கை வேற, உன் கை வேற. பொய்க் கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும், மொத்தத் தாளையும் கிழிச்சுடுவானுங்க."

அப்படிப்பட்டவள் பெயர்தான் வாக்காளர் பட்டியலில் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, போர் இன்னும் முடியாத அந்தக் கோடையில், புதுச் சட்டப்படி எழுதிய பட்டியலைத் தபாலாபீஸ் கதவில் ஒட்டினார்கள். முப்பது வயதான பெண்களுக்கு ஓட்டு உண்டு என்றதும் தெருவில் ஒரே கூத்து. நேற்றுவரை இருபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெரு எத்தல், தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடியே, இவ்வளவு நாளா எங்கே ஒளிச்சு வச்சிருந்தே மிச்ச வருஷத்தை?" என்று கேட்டேன்.

லெட்டியின் பெயர் இருந்தது. வீட்டுக்காரரின் மனைவி, அவ்வளவு போதும். லெட்டி திகைத்துப்போய், "நான் இதைக் கேக்கவே இல்லையே" என்றாள், யாரோ தப்பு வீட்டில் பொட்டலம் போட்டுவிட்டுப் போன மாதிரி. செலினா பட்டியலை மேலிருந்து கீழ் இரண்டு தடவை படித்தாள். பிறகு நேரே டவுன் ஹாலுக்கு நடந்தாள்.

அங்கே குமாஸ்தா விளக்கினான். சொந்தக்காரர் வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணுக்கு ஓட்டு இல்லை. அறையை வாடகைக்கு எடுத்திருப்பவளுக்கு உண்டு. ஆனால் அறையிலுள்ள சாமான் அவளுடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் போட்டுவைத்த சாமானில் குடியிருந்தால் கிடையாது.

"நாற்காலி என்னுது, முகம் கழுவற மேஜை என்னுது" என்றாளாம் செலினா.

"கட்டில்?"

"அது எதுக்கு?"

"படுக்கக் கட்டில் இல்லாத அறையை நீங்க சாமான் போட்ட அறைன்னு எப்படிம்மா எழுதறது? இனிமே வாங்கிப் போட்டாலும் இந்தத் தடவைக்கு ஆகாது. ஏற்கெனவே உங்களோடதா இருந்திருக்கணும்."

அன்று சாயங்காலம் விண்ணப்பத்தை அடுக்களை மேஜையில் விரித்தாள். எஸ்ரா ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நான் கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்; உண்மையைச் சொன்னால், பாத்திரம் ஒரு சாக்கு.

"இதென்ன, வாடகைக்குக் குடியிருப்பவர்னு போட்டிருக்கே?" என்றான் எஸ்ரா. "கூடப் பொறந்தவளை ஒண்டுக்குடித்தனம்னு எழுதி நான் கையெழுத்துப் போடணுமா? ஜெபக்கூடத்துல என் மூஞ்சியை எங்கே வச்சுக்கறது?"

"சனிக்கிழமையானா என் கையிலேர்ந்து காசு வாங்கறியே, அதுக்கு என்ன பேரு?"

"அது சாப்பாட்டுக்கு."

"அப்ப அறை தர்மமா?"

"தர்மம்னு எவன் சொன்னான்? இது நீ பொறந்த வீடு, செலினா."

"பொறந்த வீட்டுல இருக்கறவளுக்கு ஓட்டு இல்லையாம். ஒண்டியிருக்கறவளுக்குத்தானாம். சட்டம் நான் எழுதலை. எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேனா?"

அதுவரை அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற லெட்டி கரண்டியைக் கீழே வைத்தாள். "கட்டிலையுமா அதுல எழுதியிருக்கீங்க?"

"எழுதியிருக்கேன்."

"உங்களோடதுன்னா?"

"எனக்கு அது என்னுதுதான் லெட்டி. இல்லேன்னா எழுத மாட்டேன்."

எஸ்ரா எழுந்தான். வாடகை விஷயத்துக்குப் பேனாவை எடுத்துக் கிறுக்கிவிட்டு, "கட்டில் பொம்பளைங்க சமாச்சாரம். விசாரணையில லெட்டி வந்து சொல்லட்டும்" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டான். ஆண்களுக்கு எப்போதும் ஒரு கொல்லைப் பக்கம் இருக்கிறது.

விண்ணப்பங்களுக்கான விசாரணை டவுன் ஹால் மேல்மாடியில் நடந்தது. ஹோல்ராய்ட் என்ற அதிகாரி, இருமலும் மூக்குக்கண்ணாடியுமாக, பாவம், நல்ல மனிதர்தான். ஒரு கட்சியின் ஏஜெண்ட் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அறை எடுத்திருக்கிற பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஆட்சேபம் சொன்னார். எங்கள் முறை வந்ததும், "அண்ணன் வீடு, அண்ணன் கட்டில். இதுல என்ன வாடகை?" என்றார்.

ஹோல்ராய்ட் லெட்டியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்தக் கட்டில் யாருடையது அம்மா?"

செலினா அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். லெட்டி என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. என் கட்டில் என்று சொல்லியிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். பிள்ளை பெற்ற கட்டில். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

லெட்டியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் படித்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடியில் செலினாவும் படித்திருக்க வேண்டும், அவள் தோள் தளர்ந்தது.

"காதுல விழலைம்மா" என்றார் அதிகாரி.

"செலினாவோடது. அவங்க கட்டில்" என்றாள் லெட்டி உரக்க. "நான் சும்மா துடைக்கிறவ."

ஹோல்ராய்ட் எழுதிக்கொண்டார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் புதுசா எழுதுவோம். கேட்டா, அப்பவும் இதே பதில்தானே?"

"இதேதான்" என்றாள் செலினா.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. லெட்டி வாசற்படியைக் கழுவினாள், அடுப்புக்குக் கறுப்பு மெருகு பூசினாள். மாடிக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "மத்தவங்க சாமானை நான் ஏன் தொடணும், பெக்கி? டவுன் ஹால்ல எழுதி வச்சிருக்காங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. சர்க்கரை ரேஷனில் செலினாவின் பங்கை ஒரு மணி குறையாமல் போட்டாள். ஆனால் படுக்கை விரிப்பை எடுக்கப் போகும்போது பின்னறைக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் எந்தக் கதவையும் தட்டியதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது, டொக் டொக் என்று. "என்னடி இது, உள்ளே வாயேன்" என்பாள் செலினா. "கேட்டுட்டுத்தானே வரணும்" என்பாள் லெட்டி.

குமிழ்கள் கறுத்தன. செலினா தானே தேய்த்துப் பார்த்தாள். துணியில் படும்படி வினிகரைக் கொட்டி, நல்ல விரிப்பொன்று பாழானதுதான் மிச்சம்.

நவம்பரில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். ஐவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டது. மறுநாள் போர் முடிந்தது என்று ஆலைச் சங்கெல்லாம் ஒன்றாக ஊதின. தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் தெருவில் ஆடினார்கள். நானும் செலினாவும் வீட்டுக்கு ஓடினோம். லெட்டி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள், ஐவியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு.

"முன்னறையில புகை. இவளால மூச்சு விட முடியலை" என்றாள். "உங்க கட்டில்ல கொஞ்சம் படுக்க வைக்கலாமா?"

செலினா சால்வையைக்கூடக் கழற்றவில்லை. "இதையும் கேக்கணுமாடி? எவ்வளவு நேரமா நிக்கிறே இங்கே?"

"சங்கு ஊதறதுக்கு முன்னாடியிலேர்ந்து. உங்களைக் கேக்காம எப்படி?"

குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு செலினா மேலே ஏறினாள். ஒன்பது ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்; இரண்டு பெண்களுமாக மாற்றி மாற்றி நெற்றிக்கு ஈரத்துணி போட்டார்கள். ஐவி பிழைத்தாள். பத்தாம் நாள் லெட்டி விரிப்பைத் துவைத்து, மடித்து, பின்னறை வாசலில் வைத்துவிட்டு, "ரொம்ப உபகாரம்" என்றாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது என்று செலினா தறிக்கு அப்பாலிருந்து என்னிடம் உதட்டால் சொன்னாள்.

டிசம்பர் பதினாலாம் தேதி தேர்தல். சனிக்கிழமை, மதியத்தோடு ஆலை விட்டது. மழை. மூன்று பேரும் ஒரே குடையில் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். செலினா நீலத் தொப்பி போட்டிருந்தாள். லெட்டி மறைப்புக்குள் போன வேகத்தில் வெளியே வந்தாள். செலினா போனவள் வரவே இல்லை. அதிகாரி ஒருமுறை கனைத்தார். மறைப்புக்கு அடியில் அவள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது, இரண்டும் ஒட்டினாற்போல். வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டாள். விரல்களைக் கொஞ்ச நேரம் அந்தத் துவாரத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் லெட்டி வாசலில். "ரொட்டி வரிசையில கூட இதைவிட நேரமாகுமே. இதுக்கா மீன்தலையால அடி வாங்கினீங்க?"

செலினா சிரித்துவிட்டாள். லெட்டியும். குடை சரிந்து மூன்று பேரும் நனைந்தோம். கோடைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டில் எஸ்ரா இல்லை, கிளப்புக்குப் போயிருந்தான். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. லெட்டி தேநீர் ஊற்றினாள். ரொட்டியில் மார்கரின் தடவி நீட்டினாள். பிறகு உட்காராமலே சொன்னாள்:

"ஒண்ணு கேக்கட்டுமா, செலினா?"

"கேளு."

"அன்னிக்கு நான் சொன்னதை ஊருக்கு மாத்திச் சொல்ல வேண்டாம். டவுன் ஹாலுக்கும் வேண்டாம். ஓட்டு போட்டாச்சு. இப்ப இந்த அடுக்களையில, பெக்கி காது கேக்க ஒரே ஒரு தடவை, 'அது உன் கட்டில்தான் லெட்டி'ன்னு சொல்லுங்க. நீங்களே படுத்துக்கோங்க, சாகற வரைக்கும். எனக்குப் படுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மேலே வந்து துடைக்கணும், அவ்வளவுதான்."

செலினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாக்கூடப் போதும்" என்றேன் நான். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பேச்சுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றாள் லெட்டி. "சொன்னா நிஜமாத்தான் சொல்லுவாங்க. அதனாலதான் அவங்களைக் கேக்கறேன். ஏப்ரல்ல மறுபடி பட்டியல் எழுத வருவாங்க, இங்கே ஒண்ணு அங்கே ஒண்ணுன்னு உங்களால சொல்ல முடியாது, எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அந்த ஆள் கேட்டப்ப நான் உங்களுக்காகச் சொன்னேன். இப்ப நான் கேக்கறேன். சொல்லுங்க, அது யாரு கட்டில்?"

செலினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்த்தேன், லெட்டியும் பார்த்தாள். ஒருமுறை பிரிந்து மூடிக்கொண்டது. அதில் படிக்க ஒன்றுமில்லை. பிறகு எழுந்து, மழையில் நனைந்த நீலத் தொப்பியை நாற்காலி முதுகிலிருந்து எடுத்தாள். அடுப்புத் திட்டிலிருந்த மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள். பேச விருப்பமில்லாதபோது தறியில் செய்வது போல, முதுகு எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கதவைத் திறந்து மாடிப்படி ஏறிப் போனாள்.