கடைசிக் கல்லுக்கு வைத்த கை

மேலகரத்து முத்துவடிவை லேசுப்பட்ட பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், மலையடி வயல்களில், அவளைப் போலக் கவண் எறிய ஓர் ஆண்பிள்ளை கிடையாது. பனை உச்சியில் எந்தக் காயைக் காட்டினாலும் அந்தக் காய் கீழே கிடக்கும். ஆனால் அந்தக் கை எப்போது எறியலாம் என்று முடிவு செய்வது அவள் இல்லை. அவள் புருஷன் குற்றாலிங்கம். அவன்தான் வயற்காவலுக்குத் தலைவன்.

சாரல் ஓய்கிற நாளில், கார் நெல் கதிர் சாய்ந்ததும், மலையிலிருந்து பன்றி இறங்கும். வரப்பில் நின்று ஒருவன் கை ஓயும்வரை எறிவான், அப்புறம் அடுத்தவன். ஊரில் ஒரு மாமூல் உண்டு. எவர் கல்லில் பன்றி சாய்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் தலை போகும். தலை வந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். பாழாய்ப்போன அந்தப் பெருமைக்காகக் குற்றாலிங்கம் பெண்டாட்டியை வரப்புக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பான். பன்றி அடிபட்டு, நுரை தள்ளி, தள்ளாடும்போதுதான் அவளை எழுப்புவான்.

"தள்ளாடுத பன்னிய எந்தக் கையும் சாய்ச்சிரும். அது ஆள் மேல திரும்புத நேரத்துலல்லா நல்ல கை வேணும்?" என்று அவள் கேட்காத நாள் இல்லை.

"நீ சொல்லியா நான் காவல் படிக்கணும்? சும்மா கெட" என்பான் அவன்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஒரு விடியற்காலை. இறங்கியது ஒற்றைப் பன்றி. கன்றுக்குட்டி உயரம் இருந்தது. முதலில் நின்றவன் நல்லகண்ணு, முத்துவடிவின் தம்பி. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவன் எறிந்த கற்கள் பன்றியின் விலாவைக் கிழித்தன. எறிந்து எறிந்து அவன் தோள் செத்துப்போனது. அடுத்து வந்த ஆவுடையப்பனின் கவண் கயிறு சுழற்றும்போதே அறுந்துவிட்டது. அவன் பின்வாங்க, நல்லகண்ணு மறுபடி ஓடிவந்து எறிந்தான். கல் பாதி தூரத்தில் சேற்றில் விழுந்தது. பன்றி திரும்பிப் பார்த்தது.

முத்துவடிவு கவணில் கல்லை வைத்துவிட்டாள். குற்றாலிங்கம் அவள் தோளை அமுக்கிப் பிடித்தான்.

"இன்னும் வலுவாத்தான் நிக்கி. இப்ப நீ அடிச்சாச் சாயாது. அவன் ரெண்டு கல்லு போடட்டும்."

"என் தம்பிங்க! விடுங்க, கைய விடுங்க!"

விடவில்லையே பாவி! பன்றி பாய்ந்தது. கோரைப்பல் நல்லகண்ணுவின் தொடையில் ஏறி அடிவயிறு வரை கிழித்தது. அவனைத் தூக்கி எறிந்து, விழுந்த இடத்தில் மறுபடி குத்தியது. அவன் "அக்கா" என்று கத்தியது குற்றால ரோடு வரை கேட்டதாம். முத்துவடிவு புருஷனின் கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் வந்த பிறகுதான் பிடி விட்டது. அதற்குள் பன்றி ரத்தம் சொட்டும் மூஞ்சியோடு குற்றாலிங்கத்தைப் பார்த்து வந்தது.

"ஏட்டி, எறி! எறிட்டி!" என்று அலறினான் அவன்.

எறிந்தாள். கண்ணுக்கு மேல் எலும்பு நொறுங்கிற்று. மறு கல்லில் பன்றி அவன் காலடியில் சாய்ந்தது. கிடந்ததை ஆட்கள் அரிவாளால் வெட்டித் தீர்த்தார்கள்.

நல்லகண்ணுவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலை எட்டுமுன் உயிர் போய்விட்டது.

பிணம் அக்காள் வீட்டு முற்றத்தில் கிடக்கும்போதே ஆவுடையப்பன் வாழையிலையில் பன்றித் தலையைக் கொண்டுவந்தான். மாமூலாம்! குற்றாலிங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உள்ள வை" என்றான்.

முத்துவடிவு எழுந்தாள். எப்போதும் 'நீங்க' என்று பேசுகிறவள் ஊர் பார்க்க 'நீரு' என்றாள்.

"என் தம்பி மேல பாயும்போது வராத நேரம், உம்ம மேல பாயும்போது மட்டும் எப்படிவே வந்துது?"

பன்றித் தலையைக் காதைப் பிடித்துத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"இதுக்குத்தான அவனக் குடுத்தீரு? தின்னும்."

மறுவருஷம் காவல் தலைமை குற்றாலிங்கத்தை விட்டு அவள் கைக்கு வந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மாமூலை எடுத்துவிட்டாள். தலையை வெட்டிப் புதைக்கச் சொன்னாள். யார் யாரோ எறிவார்கள், ஓய்வார்கள். பன்றி எவன் மேல் திரும்பினாலும் அந்த நொடியில் அவள் கல் போகும். அவள் காவலில் ஒருத்தனும் சாகவில்லை. ஒவ்வொரு தடவை பன்றி சாய்ந்ததும் ஊர் கூவிக் கொண்டாடும். அவள் மட்டும் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுவாள்.