பித்தளையில் பத்துப் பெயர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் புத்தகத்தோடு எழுந்து போய்விடுகிறவள் நான். இதை நீங்கள் நம்பப்போவதில்லை, இருந்தும் சொல்கிறேன்.

எங்கள் சிற்றூரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்ச் சண்டையில் மடிந்தவர்களின் பெயர்களைப் பித்தளைப் பலகையில் பொறித்து அனுப்ப, இங்கே வளைகுடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. பட்டியலை எழுதியவள் நான். பதினொரு பெயர். சங்கத் தலைவர் எனக்கு மாமா முறை. கடைசிப் பெயரில் விரலை வைத்தார்.

"கருப்பையாவா? தெற்குத்தெருவாச்சே! கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கட்டுற குடும்பந்தான் ஊர்க் கணக்கு, தெரியாதாத்தா?"

"அவுக குடுத்தாலும் நாம வாங்குறதில்லையே மாமா."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று சிரித்தார்.

நான் அந்தப் பெயரை அடித்தேன். என் கையால்தான்.

ஊருக்குக் கார்கோ சரக்காகப் போகும்வரை பலகை அஜ்மானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. ஒரு ஞாயிறு காலை முத்துலட்சுமி வந்தாள். கருப்பையாவின் மகள், பக்கத்துக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அவள் பிறக்குமுன்பே இறந்த தகப்பன். முகம் பார்க்க ஒரு படமும் இல்லை.

"இன்னிக்கு டூட்டி இல்லக்கா. அப்பா பேரப் பாத்துட்டுப் போறேன். போட்டிருக்கீகல்ல?"

பலகை இருந்த பக்கம் கைகாட்டினேன். அவள் குனிந்து, ஒவ்வொரு பெயராக விரல் ஓட்டிப் படித்தாள். பத்தும் முடிந்தன. விரல் நிற்கவில்லை. வெறும் பித்தளையில் மெல்ல ஊர்ந்தது.

"நாயக் கருப்பையா, தெற்குத்தெரு." பட்டாளப் பதவியோடு சேர்த்துப் படித்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உடனே படமெடுத்து ஊருக்கும் எனக்கும் அனுப்பினாள். தாய்க்கு எழுத்துத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் போனில் உரக்கப் படித்தார், பதினோராவதையும் சேர்த்து.

"செத்த பெறகாச்சும் அந்த மனுசன ஊர்க்காரனாச் சேத்தாகளே" என்று அந்த அம்மாள் அழுதது எனக்கும் கேட்டது.

அவள் போனபின் தடவிப் பார்த்தேன். வழவழப்பு. என் கணவரும் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். ஊரில் திறப்புவிழா அன்று தெற்குத்தெருக்காரர்களைச் சாலைக்கு அந்தப்புறமே நிறுத்திவிட்டார்களாம்.

முத்துலட்சுமி அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் எத்தனை முறை எண்ணினாலும் பத்து வரிதான். இங்கேயே வளர்ந்த என் மகளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வரிகளை எண்ண மட்டும் சொன்னேன். விரல் வைத்து எண்ணிவிட்டு, பதினொன்று என்றாள்.