சிவப்புப் பொட்டு வைத்த திரை

என் காரின் பெரிய திரையில், கீழ் மூலையில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. சர்வீஸுக்கு விட்டால் துடைக்கிறவர்கள் அதை உரிக்கப் பார்ப்பார்கள். நான் ஓடிப்போய்த் தடுப்பேன். அந்தப் பொட்டுக்கு அடியில் எந்தப் பொத்தானும் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த நாட்களில், பொன்னேரி பக்கத்து ஆரணியிலிருந்து நான் உட்பட நான்கு பெண்களைக் காலை ஷிப்டுக்கு அழைத்துப் போனவர் டிரைவர் அண்ணன். பழைய காரில் அவர் கண் சாலையிலேயே இருக்கும். இடது கை தானாகப் போய் எதையோ திருகும், காற்று வரும், இன்னொன்றைத் திருகும், பாட்டு வரும். மார்கழிப் பனிக்குள் வயல்கள் மிதந்துபோக, பாதித் தூக்கத்தில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வருவேன். அப்படியே எங்காவது போய்க்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

பிறகு கம்பெனி புதுக் கார் கொடுத்தது. திருகும் குமிழ்கள் போய் எல்லாம் ஒரு பெரிய தொடுதிரைக்குள் அடங்கிவிட்டன. வீணென்று சொல்ல மாட்டேன். வண்டிக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்கூட அதில் தெரிந்தது. ஆனால் திரை முழுக்க எழுத்து. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்பது முன்சீட்டில் இருந்த எனக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. "ஆபீஸ்ல சொல்லிடாதம்மா, வேலை பூடும்" என்றார்.

மறுநாள் என் கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தேன். குளிர்காற்றுக்குப் பச்சை, பாட்டுக்கு நீலம், முன்கண்ணாடியில் படியும் பனியை விரட்டும் காற்றுக்குச் சிவப்பு. "இன்னாமா, காருக்கே பொட்டு வச்சிட்ட!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் அவர் கை பழையபடி தானாகப் போனது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் மாலை, திரும்பி வந்து ஆரணியில் இறங்கும் நேரத்தில், திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. "இன்னாமா கேக்குது இது?" என்றார். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. "ஒண்ணுமில்லண்ணே" என்று, படிக்காமலே 'சரி' என்பதை அழுத்தினேன். படிக்கத் தெரிந்த நான்!

அந்தச் 'சரி'யால் இரவோடு இரவாகக் காரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, திரையில் எல்லாம் இடம் மாறிவிட்டது. பொட்டுகள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. காலையில், கவரைப்பேட்டைக்கு முன்னால், கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. அண்ணன் சிவப்பைத் தொட்டார். பாட்டு வந்தது. மறுபடி தொட்டார்; இன்னும் சத்தமாக வந்தது. எதிரே கண்டெய்னர் லாரியின் ஹாரன். வண்டியை அவர் ஒடித்த ஒடிப்பில் முன்சக்கரம் வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தபடி, "நாலு பொம்பளப் புள்ளைங்கள ஏத்திக்கினு... எங் கைதாம்மா தப்பாப் போச்சு" என்றார். அன்று மாலையே சாவியை ஒப்படைத்துவிட்டார்.

'சரி'யை அழுத்தியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. வெட்கம்.

போன மாதம் பொன்னேரி ரயில்வே கேட்டில் என் காருக்குப் பக்கத்தில் ஒரு பழைய லோடு வண்டி வந்து நின்றது. அண்ணன்தான். எட்டிப் பார்த்துத் திரையில் பொட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நீ வச்ச பொட்டு சரிதாம்மா. எங் கைதான்..." என்றார். நான் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். "அண்ணே, உங்க கை இல்லண்ணே" என்று தொடங்கினேன். கேட் திறந்துவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை.