எல்லோரும் படமாகலாம், வாங்க!

புது ரீல் டப்பியின் மூடியை நெம்பித் திறந்தால் புளிப்பும் மருந்தும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும்; ஈரக் கம்பளியையும் தேயிலைத் தூளையும் தவிர வேறெதுவும் மணக்காத சித்திரபுரத்து மழைக்காலத்தில் எனக்கு அது வெளியுலகத்தின் வாசனை. எட்டாம் வகுப்பில் நானும் என் தோழி மெர்சியும் அந்த வாசனையை நம்பித்தான் ‘போட்டோ கிளப்’ தொடங்கினோம்.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மெர்சியின் மாமா கேமராவைக் கொடுத்தபோதே மிரட்டியும் வைத்தார்: “நான் திரும்புறதுக்குள்ள உருப்படியா ஏதாச்சும் எடுத்துக் காட்டணும். இல்லன்னா இது என்கூடவே பொட்டியில போயிரும்.” மாதா திருவிழாவில் படங்களை மாட்டி வைக்க இடம் தந்த பங்குச் சாமியாரோ, “மலையும் மேகமும் வேண்டாம், நம்ம சனங்க முகம்தான் வேணும்” என்றார்.

உற்சாகம் தலைக்கேற, காலையில் பேர் கூப்பிடும் ‘மஸ்டர்’ சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்: ‘எல்லோரும் படமாகலாம், வாங்க!’ எங்கள் ஊரில் புழங்கும் மலையாளத்தில் ஒருவர் ‘படமாயி’ என்றால் செத்துச் சுவரில் தொங்கிவிட்டார் என்று அர்த்தம். நாங்களே நாள் முழுக்கக் கேலியாகச் சொல்கிற சொல்தான். எழுதும்போது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கொழுந்து எடுக்கிற பெண்களோ காறித் துப்பாத குறை. “ஏட்டி, எங்கள உசுரோட அனுப்பப் பாக்கியளா?” என்று பக்கத்து லயத்து ஞானம் சித்தி கையை ஓங்கிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்குப் போட்டோக்காரர் வந்ததெல்லாம் சாவுக்குத்தான். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நிற்க வேண்டும், அழுதுகொண்டே கேமராவைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இருக்கிற ஒரே படமும் அப்பாவின் பெட்டியருகே எடுத்ததுதான்.

சுவரொட்டியைக் கிழித்தோம், கிளப்பைக் கிழிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பின்புறம் கூட்டம் போட்டோம். சேர்ந்த நான்கைந்து பேருக்கும் ரீல் போடாத கேமராவில் பழக்கினோம். ஆளுக்கு ஒரு லயமாகப் பிரித்துக்கொண்டு கெஞ்சினோம். எல்லா வீட்டிலும் கதவுதான் பதில். மாமா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பிடிவாதத்தில் நான் யாருக்கும் குறைந்தவளில்லை. அம்மாவிடமே போனேன். “என் மூஞ்சி ஒரு தடவ படத்துல வந்தது போதும்” என்றாள். “அழாம ஒண்ணு வேணும்மா” என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருக்க, மெர்சி குடையைக் கேமராவுக்குப் பிடித்தபடி வர, அம்மா கொழுந்தெடுக்கிற காட்டுக்கே போய் நின்றேன். சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலைத்துணியை உருவி இடுப்பில் செருகினாள்.

“முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு? சூப்ரவைசர் வர்றதுக்குள்ள எடுட்டி.”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் பிடித்தேன். ஞானம் சித்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அப்ப என்னையும் எடு, ஆனா பல்லு தெரியப்படாது” என்றாள். அதற்குப் பிறகு ரீல்தான் போதவில்லை.

திருவிழாவன்று தேரைவிட படங்களைத் தொங்கவிட்ட எங்கள் கயிற்றுக்கு முன்னால்தான் கூட்டம். மாமா கேமராவை விட்டுவிட்டுப் போனார். பள்ளிப் படிப்பு முடியும்வரை கிளப் நடந்தது.

இப்போது கிளப் இல்லை. படம் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோ போன் கடையாகிவிட்டது, நெகட்டிவ்கள் மழையில் ஒட்டிப்போயின. வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால் அம்மா போடியில் என்னோடு இருக்கிறாள். என் மகள் போனில் எத்தனையோ படங்கள் எடுத்துக் காட்டியும் ஒன்றும் அம்மாவுக்குப் பிடிப்பதில்லை. அலமாரியில் இருக்கிற காட்டுப் படத்தைக் காட்டி ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

“நான் போனா பேனருக்கு அதத்தான் குடுக்கணும். இப்ப உள்ள மூஞ்சியோட போனா உங்கப்பாவுக்கு அடையாளம் தெரியாது.”