வைரக்கண்ணு அறைக்குள் வந்த நாள்

கொட்டாங்கச்சியில் சோப்பைச் சீவிப் போட்டுத் தண்ணீர் விட்டு, நுரை வரும்வரை இரண்டு விரலால் அடித்தார் வைரக்கண்ணு. கொல்லைப் பக்கம் ஏணியில் நின்றபடி, பழைய பெயின்ட் பிரஷால் அந்த நுரையை ஏ.சி. பெட்டியின் செப்புக் குழாய்களில் இணைப்பு இணைப்பாகத் தடவினார். குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி வைத்திருந்தார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் குமிழி கிளம்பும். கை அவசரப்படவில்லை. புண்ணுக்கு மருந்து போடும் கை அப்படி இருக்க வேண்டும் என்று நான் எத்தனையோ நர்ஸ் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிலருக்குத்தான் வந்தது.

அது 1986 சித்திரை. ஆற்றில் மணல் மட்டும்தான் இருந்தது. வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிராசுதார் தியாகராசனுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. அவரைப் பார்த்துக்கொள்ள என்னைத் தஞ்சாவூரிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். ஏ.சி. நின்று நான்கு நாள். வியர்வையில் முதுகின் அடியில் தோல் சிவந்து, ஒரு ரூபாய் அளவுக்குப் புண் பிடித்திருந்தது. சர்க்கரை உடம்பு வேறு. புண் ஆழமானால் ஆள் தேறமாட்டார் என்று அவர் மனைவி அம்சவல்லியிடம் சொல்லியிருந்தேன்.

மூன்று கோடையாக அந்தப் பெட்டிக்கு மாதம் ஒருமுறை கேஸ் போட்டுக்கொண்டிருந்தார்களாம். வெளியூர் மெக்கானிக்குகள் வந்து, கொல்லையில் ஏணி வைத்து, வெளித் தகரத்தைக் கழற்றி, கேஸை ஏற்றிவிட்டுப் போவார்கள். மூன்று வாரம் குளிரும். பிறகு வெறும் காற்று. வருகிறவன் எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்க முடியாத காலமாகிவிட்டதால், எல்லோரையும் கொல்லையோடு நிறுத்திவிடுவது என்று அம்சவல்லி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

வைரக்கண்ணுவிடம் அதைக் கேட்கவே வேண்டியதில்லை. அதே ஊர். அவருடைய தாய் காத்தாயி அந்த வீட்டு வயலில் நடவு நட்டவர். கூலிக்காகச் சிவப்புக் கொடி கட்டிய வருஷம், தியாகராசன் வெளியாட்களை வைத்துச் சம்பா அறுத்துவிட்டு, அந்தத் தெருவுக்கே வேலை இல்லை என்றார். குடியிருந்த மனைக்குச் சர்க்கார் பட்டா கொடுத்தபோது அதன் மேலும் வழக்குப் போட்டார். காத்தாயி பிள்ளையோடு திருவாரூர் போய்ச் சேர்ந்தார். அங்கே முகம்மது யூசுப் பாயின் பிரிட்ஜ் கடையில் தொழில் படித்த வைரக்கண்ணு, வழக்கு முடிந்ததும் அதே மனைக்குத் திரும்பினார். பால் சொசைட்டி, சினிமாக் கொட்டகை, ஐஸ் கம்பெனி எல்லாம் அவரைத்தான் கூப்பிட்டன. மொபெட்டின் பின்னால் சிலிண்டரைத் துண்டால் கட்டிக்கொண்டு அவர் வரும் சத்தத்தைப் பிறகு இருபது வருஷம் எத்தனையோ நோயாளி வீடுகளில் கேட்டிருக்கிறேன். இப்போது வருகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே கேஸுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். அந்தக் கொட்டாங்கச்சியை நான் தேடத்தான் செய்கிறேன்.

வெளிக் குழாய்களில் குமிழி வரவில்லை. ஏணியிலிருந்து இறங்கிய வைரக்கண்ணு, கசிவு அறைப் பக்கம் குளிர் தரும் உள் காயிலில் இருக்க வேண்டும் என்றும், பெட்டியை அறைப் பக்கமாகத்தான் இழுக்க முடியும் என்றும் சொன்னார்.

"நீ கேஸ மட்டும் போட்டுட்டுப் போப்பா. இத்தன நாளும் அப்படித்தானே போட்டாங்க" என்றார் அம்சவல்லி.

"போட்டாங்க. நின்னுச்சாங்க?"

வெளிப்பக்கமாகவே எடுக்க வழியில்லையா என்று கேட்டார் அம்மாள்.

"சுவத்த இடிச்சா எடுக்கலாங்க" என்றார் வைரக்கண்ணு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "எங்க போகுதுன்னு பாக்காம கேஸ் போட யூசுப் பாய் எனக்குச் சொல்லித் தரலங்க."

அம்சவல்லி கொல்லைக் கதவை விட்டு விலகவில்லை. வைரக்கண்ணு ஸ்பானர்களைப் பைக்குள் போட ஆரம்பித்தார். அவர் போய்விட்டால் அடுத்த ஆள் வர இரண்டு நாளாகும். புண் அதுவரை காத்திருக்காது.

"அம்மா, கொல்லையில நின்னுக்கிட்டு என்னால புண்ணுக்கு மருந்து போட முடியுமா?" என்றேன். "நான் எந்தத் தெருன்னு நீங்க கேட்டதே இல்ல. கேட்டா சொல்றேன்."

அம்மாள் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. "வாசல் வழியா வரச் சொல்லுங்க நர்சம்மா" என்றார். அதையும் வைரக்கண்ணுவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

கட்டில் ஏ.சி.க்கு நேர் கீழே கிடந்தது. நகர்த்துவதற்கு முன் நோயாளியை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. வைரக்கண்ணுவைக் கை கழுவிவிட்டு முழங்காலுக்கு அடியில் பிடிக்கச் சொன்னேன். சொன்ன இடத்தில் பிடித்தார்.

தியாகராசன் அவரை உற்றுப் பார்த்து, "காத்தாயி மவன்" என்றார் குழறலாக.

"ஆமாங்க."

தூக்கியபோது அவருடைய இடது கை வைரக்கண்ணுவின் தோளை இறுகப் பிடித்தது. பாசம் ஒன்றுமில்லை, விழுந்துவிடுவோம் என்ற பயம். எல்லா நோயாளியும் அப்படித்தான் பிடிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. எடுக்கும்வரை வைரக்கண்ணு குனிந்தபடியே நின்றார்.

பெட்டியை அறைக்குள் இழுத்து நுரை தடவியபோது, உள் காயிலின் ஒரு வளைவில் நெல்லிக்காய் அளவுக்குக் குமிழி கிளம்பியது. பெட்டியை முன் கூடத்துக்குக் கொண்டுபோய் அந்த வளைவைப் பற்றவைத்தார். மறுபடி நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் கண்ணாடியில் முள் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். விடியும்வரை முள் அங்கேயே நின்றால்தான் கேஸ் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும் முன் நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றக் கை கொடுத்தார். இரவெல்லாம் நான் ஈரத் துணியும் விசிறியுமாக இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வாசல் திறந்திருந்தது; வைரக்கண்ணு நேரே வந்தார். முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அது விடியற்காலைக் குளிருக்கு இறங்குவதுதான் என்றார். ஆனாலும் சோப்பு நுரையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. நைட்ரஜனைத் திறந்துவிட்டு, பம்பு வைத்து ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் கேஸை ஏற்றினார். நோயாளியை மறுபடி நாற்காலிக்கு மாற்றிய பிறகு பெட்டி அதன் இடத்துக்குப் போனது. அறை குளிர ஆரம்பித்ததும் நானும் அவருமாகத் தியாகராசனைக் கட்டிலுக்கு மாற்றினோம். புண்ணைத் துடைத்து மருந்து வைத்து, முதுகில் காற்றுப் படும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். குளிர் வீணாகிறது என்று அம்சவல்லியே வந்து அறைக் கதவைச் சாத்தினார். வைரக்கண்ணு உள்ளே நின்று காயிலில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.